காஞ்சிபுரத்தில் ஒரு லெபனான் அடுப்பு

வியாழன் இரவு திண்டுக்கல்லில் ரயிலேறியபோது என் பையில் இரண்டு மாற்றுப்புடவைகளும் சர்க்கரை மாத்திரைகளும்தான் இருந்தன. காஞ்சிபுரம் போகிறேன் என்றதும் பக்கத்து இருக்கைக்காரப் பெண், "பட்டு எடுக்கவா, கோயிலுக்கா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் இல்லை, ஒரு சாப்பாட்டை ருசி பார்க்கப் போகிறேன் என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். உண்மையைத்தான் சொன்னேன்.

அருள்மேரியை எனக்குக் குவைத்தில் தெரியும். நான் அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் ஒரு லெபனான் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் தேவாலயச் சுவரோரம் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த டப்பாவைத் திறப்போம். அந்த வீட்டு மேடம் தன் அம்மாவிடம் கற்ற சமையலை மேரிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அரிசியையும் முழு மைசூர்ப் பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கிய வெங்காயத்தை மேலே கொட்டுவார்கள். உப்பு, எண்ணெய், ஒரு சிட்டிகை சீரகம். வேறொன்றும் கிடையாது. அதற்கு முஜத்தரா என்று பெயர். முதல் தடவை சாப்பிட்டபோது எங்கள் வார்டில் கொடுக்கும் பத்தியச் சாப்பாடு போலிருந்தது. நான்கைந்து வாரம் போனபின் அதற்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

ஊர் திரும்பிய மேரி காஞ்சிபுரத்தில் கடை போட்டிருந்தாள். போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள்.

"சிஸ்டர், நீங்க ஒரு வாட்டி வந்து சாப்ட்டுப் பாத்துட்டு சொல்லணும். நான் ஆக்கறது சரியா இருக்குதா, தப்பா இருக்குதா? இங்க யாருக்கும் தெரியல. நான் செய்யறதே தப்புன்றாரு எங்க வீட்டுக்காரரு. இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அசலைச் சாப்பிட்டவர்களில் அவளுக்குத் தெரிந்து இந்த மாநிலத்தில் இருப்பது நான் ஒருத்திதான். அதனால் கிளம்பினேன்.

வெள்ளி, விடியற்காலை. செங்கல்பட்டில் இறங்கி காஞ்சிபுரம் பேருந்தைப் பிடித்தேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். பழையசீவரம் தாண்டும்போது பாலாறு தெரிந்தது. மணலும் கோரையும் நடுவில் ஒரு கோடு தண்ணீரும். வாலாஜாபாத்தில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு கூட்டம் ஏறியது. எல்லோரும் நின்றபடியே தூங்கினார்கள். ஒன்றே கால் மணி நேரத்தில் காஞ்சிபுரம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் உட்கார்ந்தேன். சுவரில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதையே கேட்டேன்.

"அது சனி, ஞாயிறு மட்டும்தாம்மா," என்றார் பரிமாறுகிறவர். "சில்லி இட்லி இருக்குது, மஞ்சூரியன் இட்லி இருக்குது. சின்னப் பசங்கள்லாம் அதான் கேக்கறாங்க. கொண்டாரட்டா?"

காப்பி மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன். இருபத்தைந்து ரூபாய்.

பெரிய காஞ்சிபுரத்தில் மேரியின் கடை இருக்கும் தெருவுக்கு ஆட்டோக்காரர் நூறு கேட்டு எண்பதுக்கு வந்தார். கடை பெயரைச் சொன்னதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அரபிச் சாப்பாடாம்மா? அங்க ஏன் போறீங்க? ரெண்டு தெரு தள்ளி புதுசா ஒண்ணு வந்துக்கீது. ஷவர்மால மயோனைஸ் அப்டியே வழியும். எம் பொண்ணு அந்தக் கடைய வுட்டு வரமாட்றா."

"இந்தக் கடையில நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

"ஒரு வாட்டி. காரமே இல்லம்மா. ஒடம்பு சரியில்லாதவங்க சாப்பாடு மாதிரி இருந்துச்சு."

ஒரு காலத்தில் நானும் அதையேதான் நினைத்தேன். பட்டுக் கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. வேனில் வந்த ஒரு கல்யாண வீட்டார் வாசலிலேயே நின்று, ஜரிகை அசல்தானா, சோதித்துக் காட்டுவீர்களா என்று விற்பனையாளரை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைகளுக்கு இடையிடையே உணவுக் கடைகள். மோமோ, ராமென், தந்தூரி, தாய் சூப், பெரி பெரி. ஒரே பலகையில் ஐந்து தேசம். 'நூற்றுக்கும் மேற்பட்ட ஐட்டங்கள்' என்று ஒரு கடை பெருமையாகப் போட்டிருந்தது. அங்கே நின்று அசல்தானா என்று கேட்க ஆளில்லை.

மேரியின் கடைக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு மரப்பலகை. பெய்ரூட் அடுக்களை என்று எழுதியிருந்ததில் கடைசி மூன்று எழுத்துகள்தான் தெரிந்தன. மிச்சத்தை மறைத்து ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்: அரேபியன், சைனீஸ், தந்தூரி. வாசலை ஒட்டிப் பெரிய அடுப்பும் இரும்பு வாணலியும். நேபாளத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர்," என்று அறிமுகப்படுத்தினார் மேரியின் கணவர் தேவராஜ். தொழிற்சாலை வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது கல்லாவில் இருக்கிறார். "வாங்க சிஸ்டர். அவ உள்ள இருக்கா."

உள்ளே ஒரு பிளாஸ்டிக் திரை. அதற்குப் பின்னால், கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒற்றை அடுப்பு. அங்கே நின்றிருந்தாள் மேரி. இளைத்திருந்தாள். ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டவள் கொஞ்ச நேரம் விடவேயில்லை.

"கடை உன்னோடது. நீ ஏன் இந்த மூலையில் நிக்கறே?" என்றேன்.

அவள் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் தேவராஜிடமிருந்து வந்தது. திரையை விலக்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மொதல்ல அவதான் முன்னாடி நின்னா சிஸ்டர். வர்றவங்க கேப்பாங்க, எந்த ஊரும்மா நீங்கன்னு. ஓரிக்கைன்னுவா. ஓரிக்கைல எங்கம்பாங்க. எங்க தெருவ சொன்னா அடுத்த வாரம் அந்த முகத்த பாக்க முடியாது. மாஸ்டர் ஊரு பேரச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது. அவன் கையால எது குடுத்தாலும் துன்றாங்க."

இதை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். வேன் எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று சொல்பவரைப் போல.

பிற்பகல் இரண்டு மணி. கடையில் கூட்டம் இல்லாத நேரம். மேரி எனக்காகச் சமைத்துவைத்திருந்தாள். முஜத்தரா, பூண்டை எண்ணெய் விட்டு வெண்ணெய் போல அடித்த விழுது, எலுமிச்சையில் ஊறவைத்துச் சுட்ட கோழி, பொடியாக அரிந்த கீரைக் கலவை. கீரைக்குப் பார்ஸ்லி வேண்டும். அது சென்னையிலிருந்து வந்தாக வேண்டும், வருவதற்குள் பாதி வாடிவிடும். அதனால் கொத்தமல்லியும் புதினாவும் போட்டதாக அவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். ஆலிவ் எண்ணெய் விலைக்குக் கடலை எண்ணெய்தான் கட்டுப்படியாகும் என்றும் சொன்னாள்.

"முஜத்தராவ மட்டும் பாருங்க சிஸ்டர். அதுல எதுவும் மாத்தல. அரிசி, பருப்பு, வெங்காயம். அதுல இன்னாத்த மாத்தறது?"

ஒரு வாய் வைத்தேன். நாக்கில் முதலில் வந்து நின்றது காரம். அதற்குப் பின்னால்தான் வெங்காயம் வந்தது. இஞ்சி வாசனைகூட லேசாக இருந்தது. மோசமான சாப்பாடு இல்லை. பசித்தவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஆனால் தேவாலயச் சுவரோரம் நான் சாப்பிட்டது இது இல்லை.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு மேரி," என்றேன்.

"அதே மாதிரி இருக்குதா?"

"நல்லா இருக்கு."

கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுபடி கேட்காமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மேடம் வீட்ல விருந்து வெப்பாங்க இல்ல, அப்போ என்ன இந்தியன் கறி பண்ணச் சொல்வாங்க. மொத வாட்டி எங்க வூட்டுக் கறிக்கொழம்பு வெச்சேன். வாய் எரியுதுன்னு யாரும் தொடல. அப்புறம் மேடமே சொல்லிக் குடுத்தாங்க. மஞ்சப் பொடி, தேங்காப் பால், உலர்ந்த திராட்ச. மொளகாயே கெடையாது. அத வெச்சதும் இதுதான் அசல் இந்தியான்னு கை தட்டுனாங்க சிஸ்டர். நான் தட்டப் புடிச்சிக்கினு நின்னுக்கினு இருந்தேன்." கையைத் துடைத்துக்கொண்டாள். "அங்க பொய்யா ஆக்கிப் போட்டேன், நல்லா இருக்குதுன்னாங்க. இங்க நெசமா ஆக்கிப் போடறேன், துப்பறாங்க."

"மேடத்துக்கிட்டயே கேட்டுப் பார்க்கலாமே?"

"அவங்க லெபனானுக்கே போய்ட்டாங்க. அந்த நம்பர் ரொம்ப நாளா போகல. அங்க இன்னா ஆச்சோ."

மாலை ஆறரை மணி. பட்டுக் கடைகளிலிருந்து விற்பனையாளர்கள் வரத் தொடங்கினார்கள். முகூர்த்த காலம். நாள் முழுக்கப் புடவைகளை விரித்து மடித்த களைப்பு அவர்கள் தோள்களில் தெரிந்தது. வாணலியில் தீ எழுந்தது. மாஸ்டரின் கைக்கு ஓய்வே இல்லை. ஷெஸ்வான் ஷவர்மா, சிக்கன் நூடுல்ஸ், மயோனைஸ் தடவிய மோமோ என்று தட்டுகள் போய்க்கொண்டிருந்தன. திரைக்குப் பின்னால் மேரி சும்மா நின்றாள். நடுவில் தேவராஜே மனம் கேட்காமல் மூன்று இளைஞர்களிடம், "இத டேஸ்ட் பண்ணிப் பாருங்கபா, அசல் லெபனான் ஐட்டம், நூத்தி இருவதுதான்," என்று ஒரு தட்டு முஜத்தராவை வைத்தார்.

மூவரும் ஆளுக்கொரு கரண்டி எடுத்தார்கள்.

"நம்ம கிச்சடிதான்ணா இது. இதுக்கா நூத்தி இருவது?" என்றான் ஒருவன்.

இன்னொருவன் நிதானமாக மென்றுவிட்டுச் சொன்னான், "ஜரிகையே இல்லாத பொடவ மாதிரி இருக்குதுபா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் கெடுதல் இல்லை, நன்றாகத்தான் சொன்னான். ஆனால் திரை மெல்லியது. அவர்கள் போனபின் அந்தத் தட்டு உள்ளே வந்தது. மேரி அதை எடுத்து ஒதுக்கி, பக்கத்துத் தெரு நாய்க்கென்று வைத்திருக்கும் வாளியில் கொட்டினாள். எனக்கு ஒன்று உறுத்தியது. இவ்வளவு காரம் ஏறிய பின்னும் அவர்களுக்கு அது போதவில்லை. அவளோ காரம் ஏறியதையே அறியவில்லை.

அன்றிரவு ஓரிக்கையில் அவர்கள் வீட்டில் தங்கினேன். பேருந்தில் போனால் இருபது நிமிடம். பாலாற்றங்கரை ஊர். மடத்தின் கல்மண்டபத்துக்கு வரும் கார்கள் பிரதான சாலையோடு திரும்பிவிடும், மேரியின் தெரு அதற்குப் பின்னால் தள்ளியிருக்கிறது. படுக்கப் போகுமுன் தீர்மானித்துக்கொண்டேன், நாளைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சரிசெய்துகொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

சனி, காலை எட்டு மணி. மாஸ்டர் வருமுன்பே நாங்கள் இருவரும் கடையைத் திறந்தோம்.

"மேரி, நேத்து முழுசா சொல்லல. அதுல காரம் இருக்கு," என்றேன்.

"காரமா? மொளகா போடவே இல்லையே சிஸ்டர்."

"எனக்குக் காரம் தெரிஞ்சுது."

"மாஸ்டர் கரண்டி கலந்திருக்கும். இருங்க, இப்பவே புதுசா ஆக்கிக் காட்டறேன். பக்கத்துலயே நில்லுங்க."

பாத்திரத்தைத் தானே தேய்த்துக் கழுவினாள். பருப்பு வெந்துகொண்டிருந்தபோது வெங்காயத்தை நீளநீளமாக அரிந்தாள். வெந்ததைத் தண்ணீரோடு ஒரு குண்டானில் கொட்டிவிட்டு அதே பாத்திரத்தில் எண்ணெய் விட்டாள். எண்ணெய் காய்ந்தது. வெங்காயம் விழுந்த சத்தத்தில் அவள் முகம் மாறியது. குவைத்தில் மேடம் வீட்டில் ஒரு பூனை இருந்ததாம், இந்த வாசனைக்குச் சரியாக வந்து காலைச் சுற்றுமாம். அதைச் சொல்லிக்கொண்டே கிளறினாள். பேச்சு நிற்கவில்லை, கரண்டி நிற்கவில்லை. இடது கை மட்டும் தானாக நகர்ந்து, திண்டின் மேல் மாஸ்டர் முந்தைய நாள் கீறிவைத்திருந்த பச்சை மிளகாய்க் கிண்ணத்துக்குப் போனது. நான்கைந்தை அள்ளி எண்ணெயில் போட்டது. பிறகு இஞ்சி பூண்டு டப்பாவைத் திறந்து விரல் நுனியால் கொஞ்சம் வழித்துப் போட்டது.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூனைக் கதை முடிந்ததும், மேலே போடப் பாதி வெங்காயத்தை எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தோடு பருப்பையும் அரிசியையும் கொட்டி மூடிவைத்தாள். "பாத்தீங்க இல்ல?" என்றாள்.

"பாத்தேன்."

"மொளகா போட்டனா?"

நர்ஸ் வேலையில் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு டாக்டர் பக்கத்தில் இருப்பார். மூடியைத் திறந்து கரண்டியால் கிளறி, மேலே வந்த மிளகாயைக் காட்டினேன்.

மேரி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திண்டில் வைத்தாள். ஐந்து வந்தன.

"நான் போடல சிஸ்டர்," என்றாள். மெதுவாக, "நான் போட்டத நானே பாக்கலையே," என்றாள்.

"வந்தவங்க காரம் இல்ல, காரம் இல்லன்னு சொல்லிச் சொல்லிக் கை பழகிடுச்சு. அவ்வளவுதான் மேரி. அந்தக் கிண்ணத்தை எடுத்து அந்தப் பக்கம் வெச்சிடு. பத்து நாள்ல திரும்பிடும்."

"திரும்புச்சான்னு யாரு சொல்வாங்க?" அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நாக்குல தெரியல எனக்கு. நேத்து நானும்தான் துன்னேன், சரியா இருந்துச்சு. நீங்க தெனம் திண்டுக்கல்லருந்து வருவீங்களா?"

அதற்குள் சாதம் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள்தான் அடுப்பை அணைத்தாள். ஆனால் பாத்திரத்தை இறக்கவில்லை.

ஒன்பதரைக்குத் தேவராஜ் வந்தார். மேரி திரையைக் கம்பியிலிருந்து உருவி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த அடுப்பையும் மாஸ்டருக்கே குடுத்துடுங்க. ரெண்டாவது வாணலி வெக்கணும்னு கேட்டுக்கினு இருந்தாரு இல்ல."

பல மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். ஜெயித்துவிட்டவரின் முகம் இல்லை அது. என்னைப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டார்.

"அவங்க ஒண்ணும் சொல்லல. சாப்ட்டாங்க. அவ்ளோதான்," என்றாள் மேரி.

தேவராஜ் ஸ்டூலில் ஏறி வெளியே ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டினார். பெய்ரூட் அடுக்களையில் மிச்சமிருந்த மூன்று எழுத்துகளும் மறைந்தன. அந்த அவசரம் வேண்டாமென்று எனக்குத் தோன்றியது. சொல்ல எனக்கென்ன உரிமை? அவர்தான் வாடகைக்கு ஓடுகிறார்.

பகல் பதினொரு மணிப் பேருந்து. மேரி நிலையம் வரை வந்தாள். வழியில் ஒரு கடையில் நின்று எனக்கு மல்லிகைப்பூ முழம் நாற்பதுக்கு வாங்கித் தலையில் வைத்துவிட்டாள். பேருந்து கிளம்பும்வரை என் சர்க்கரையைப் பற்றியும், கனடாவில் இருக்கும் என் மகனைப் பற்றியும் பேசினாள். கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வாலாஜாபாத் தாண்டும்வரை ஜன்னலில் கடைப் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் திண்டுக்கல்லிலும் இதே பலகைகள்தான், இதே நிறங்கள், இதே ஐந்து தேசம். உலகத்துச் சாப்பாடெல்லாம் நம் தெருவுக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவள்தான் நானும். இப்போது யோசித்தால் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஒரே வாணலியில் ஒரே குழம்பு, அதற்கு ஊருக்கொரு பெயர். குவைத்தில் மெட்ராஸ் ஓட்டல் என்ற பெயரில் வெல்லம் கரைத்த சாம்பாரை ஊற்றினார்கள், நாங்கள் சிரித்துவிட்டுச் சாப்பிட்டோம். சாம்பார் எங்களுக்கு ஊரில் இருந்தது, அதனால் சிரிக்க முடிந்தது. தன் நாட்டுக்குத் திரும்பிப் போய்க் காணாமல் போன ஒரு பெண்மணியின் அடுக்களை காஞ்சிபுரத்தில் ஒருத்தியின் கைக்குள் உயிரோடு இருந்தது. அது நழுவிப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், தடுக்க ஒரு வழியும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளே அழைத்தாள். பின்னால் வாணலிச் சத்தமும் ஆட்கள் பேசும் சத்தமும் கேட்டன.

"கூட்டம் நல்லா இருக்குது சிஸ்டர். ரெண்டு வாணலியும் ஓடுது. மாஸ்டர் எனக்கு ஃப்ரைட் ரைஸ் கத்துக் குடுத்துட்டாரு."

"சந்தோஷம் மேரி. கஷ்டமா இல்லையே?"

"இல்ல சிஸ்டர். சொலபமா இருக்குது," என்றாள். "எதையும் ஞாபகம் வெச்சிக்கவே வேணாம்."